ஒரு பி.பி.ஏ., இரண்டு கதை

பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பர். செங்கல்பட்டு தாண்டியாகிவிட்டது. எதிரெதிர் ஸீட்டில் இரண்டு பேர். ஒருவர் மின்சார வாரியத்தில் உத்தியோகம். இன்னொருவர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. இவர் யார் என்று அவருக்குத் தெரியாது, அவர் யார் என்று இவருக்கும். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி பேச ஆரம்பிக்கிறார்கள்.

"அந்த பி.பி.ஏ. விவகாரம் கேள்விப்பட்டீங்களா சார்?"

"தெரியுமே. ஒரு வழியா ரத்து பண்ணிட்டாங்கல்ல."

"எப்பவோ பண்ணியிருக்கணும் சார். கடைசியில எல்லாம் ஜனங்க தலையில இல்ல விடிஞ்சுது!"

"கரெக்டா சொன்னீங்க. தலையிலதான்! வேணாம் வேணாம்னு வெளியில அத்தனை பேர் எச்சரிக்கை பண்ணினாங்க. நம்மாளுங்க எங்க கேட்டாங்க?"

"உலக வங்கியே வேணாம்னு சொல்லிச்சே சார்."

"உலக வங்கியா? அவங்க எங்க வந்தாங்க இதுல?"

"கடன் கேட்டுப் போனாங்கல்ல?"

"ஜலதோஷ மாத்திரைக்கா?"

இப்படி ஒரு உரையாடல் நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை. கற்பனைதான். ஆனால் நடந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

மின்வாரியக்காரருக்கு பி.பி.ஏ. என்றால் பவர் பர்ச்சேஸ் அக்ரிமென்ட். மின்சாரம் வாங்குகிற ஒப்பந்தம். மருந்துத் துறைக்காரருக்கு அதே மூன்றெழுத்து ஃபினைல்புரோபனாலமைன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தும்மல் நின்றுவிடும். மூக்கடைப்புக்கும் ஜலதோஷத்துக்கும் விற்ற மாத்திரைகளில் இருந்த சரக்கு.

எங்கேயோ இருக்கிற மின்நிலையத்துக்கும் எங்கேயோ தயாராகிற மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எழுத்து மூன்றும் ஒன்று என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

முதலில் மின்சாரம்.

மின்சாரம் என்பது விசித்திரமான சரக்கு. அரிசி மாதிரி மூட்டை கட்டிக் குடோனில் போட முடியாது. உற்பத்தியாகிற விநாடியே யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். பல நூறு கோடி கடன் வாங்கி மின்நிலையம் கட்டுகிறவனுக்கு இதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். நாளைக்கு வாங்க ஆள் இல்லை என்றால்? கடன் கொடுக்கிற வங்கிக்கும் அதே பயம். அதனால் செங்கல் வைக்கும் முன்னாலேயே ஒரு காகிதம் கேட்பார்கள். இன்னார் இத்தனை வருஷத்துக்கு இன்ன விலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதம். அதுதான் பி.பி.ஏ.

அமெரிக்காவில் இந்தக் காகிதத்துக்கு மவுசு வந்தது 1978-க்குப் பிறகு. அரபு நாடுகள் 1973-ல் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடியதில் அமெரிக்கா ஆடிப்போயிருந்தது. அதிபர் கார்ட்டர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. சின்னச் சின்ன மின் உற்பத்தியாளர்களிடமிருந்து பெரிய மின் கம்பெனிகள் கட்டாயம் மின்சாரம் வாங்க வேண்டும் என்றது. அதே மின்சாரத்தை நீயே தயாரித்தால் உனக்கு என்ன செலவாகுமோ, அதைக் கொடு என்று விலைக்கும் ஒரு கணக்குச் சொன்னது. நல்ல யோசனைதான். காற்றாலை வைத்திருந்தவனும் சர்க்கரை ஆலைச் சக்கையில் மின்சாரம் எடுத்தவனும் பிழைத்தார்கள். நீண்ட கால ஒப்பந்தம் என்கிற பழக்கம் அப்படித்தான் ஊன்றியது.

அந்தப் பழக்கம் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தது 1991-ல். அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அந்நியச் செலாவணி வறண்டு, தேசத்தின் தங்கத்தை அடகு வைத்த வருஷம். மின் நிலையம் கட்ட அரசாங்கத்திடம் பணம் இல்லை. 1948-ம் வருஷத்து மின்சார வழங்கல் சட்டத்தைத் திருத்தினார்கள். தனியாரே வாருங்கள், வெளிநாட்டுக்காரர்களே வாருங்கள் என்று கதவைத் திறந்தார்கள். போட்ட பங்கு மூலதனத்துக்கு 16 சதவிகித லாபம் கிடைக்க வழி செய்கிறோம் என்று கொள்கையும் வகுத்தார்கள்.

வந்தது என்ரான்.

அமெரிக்காவில் ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. 1992 ஜூனில் அவர்களுடைய குழு இந்தியாவுக்கு வந்தது. சில நாட்களிலேயே, ஜூன் 20-ம் தேதி, மகாராஷ்டிர மின்வாரியத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. டெண்டர் கிடையாது, போட்டி கிடையாது. ஒரு வீட்டு மாடிக்கு ஷீட் போடுவதென்றால்கூட நாம் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குவோம். இது 2,015 மெகாவாட் மின்நிலையம். கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சமாசாரம். ரத்னகிரி மாவட்டத்துக் கடற்கரையில், தாபோலில் கட்டுவதாகத் திட்டம். என்ரானுக்கு 80 சதவிகிதம். ஜெனரல் எலக்ட்ரிக்குக்கும் பெக்டெலுக்கும் பத்துப் பத்து.

கடன் கேட்டு உலக வங்கிக்குப் போனார்கள். 1993-ல் வங்கி கையை விரித்தது. வங்கி சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. மகாராஷ்டிரத்துக்கு நாள் முழுக்க ஓடும் இத்தனை பெரிய நிலையம் இப்போது தேவையில்லை. இறக்குமதி செய்யும் எரிவாயுவில் தயாராகும் மின்சாரத்துக்கு விலை அதிகம். இதை வாங்குவதற்காக, மலிவாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிலக்கரி நிலையங்களின் கழுத்தை நீங்களே நெரிக்க வேண்டி வரும்.

உலக வங்கி ஒன்றும் தனியார்மயத்துக்கு எதிரி இல்லை. அவர்களே வேண்டாம் என்றார்கள். கேட்டார்களா? 1993 டிசம்பர் 8-ம் தேதி பி.பி.ஏ. கையெழுத்தானது. 20 வருஷத்துக்கு. அப்போது மகாராஷ்டிர முதல்வர் சரத் பவார்.

இந்த ஒப்பந்தத்தில் என்னதான் இருந்தது? நம் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மெஸ்ஸில் மாசக் கணக்கு. மெஸ்காரர் ஒரு காகிதத்தை நீட்டுகிறார். மாசத்துக்கு 90 வேளைச் சாப்பாடு. அதில் 81 வேளைக்கு இலை போட நான் தயாராக இருந்தால் போதும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு, வாடகை, சமையல்காரர் செலவை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அரிசி, பருப்பு விலை ஏறினால் அது தனி, அதுவும் உங்கள் கணக்கு. இதையெல்லாம் நான் டாலரில்தான் கணக்கு பார்ப்பேன், ரூபாய் சரிந்தால் அதுவும் உங்கள் கணக்கு. நீங்கள் பாக்கி வைத்தால் உங்கள் அப்பா தர வேண்டும். அப்பா தராவிட்டால் தாத்தா தர வேண்டும். இருபது வருஷத்துக்கு மெஸ்ஸை மாற்றக் கூடாது.

கையெழுத்துப் போடுவீர்களா? அவர்கள் போட்டார்கள்.

அப்பா என்றது மாநில அரசு. தாத்தா என்றது மத்திய அரசு. தாத்தா கொடுத்த வாக்குறுதிக்கு எதிர் உத்தரவாதம் என்று பெயர். இவ்வளவு பெரிய சங்கதியின் நகலை ஆரம்பத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவே இல்லை. வியாபார ரகசியமாம். பணம் கட்டப்போகிறவனுக்கே ரகசியம்!

அடுத்து அரசியல் புகுந்தது. 1995 தேர்தலில் சிவசேனை - பாரதிய ஜனதா கூட்டணி என்ரானை அரபிக் கடலில் தூக்கிப் போடுவோம் என்று முழங்கி ஜெயித்தது. இந்தியர்களுக்கு இந்தத் திட்டத்தைப் பற்றிப் புரியவைக்க மட்டும் 2 கோடி டாலர் செலவு செய்தோம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் அதே வருஷம் சொல்லிவைத்தார். கேட்கணுமா? புரியவைத்ததென்றால் யாருக்கு, எப்படி என்று பெரிய ரகளை. ஆகஸ்டு 3-ம் தேதி புதிய முதல்வர் மனோகர் ஜோஷி திட்டத்தை ரத்து செய்தார்.

அரபிக் கடல் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வந்து விழவில்லை. என்ரான் லண்டனில் வழக்குக்குப் போனது. மறுபடி பேச்சுவார்த்தை. 1996-ல் திட்டம் உயிர்த்தெழுந்தது, முன்பைவிடப் பெரிதாக. 2,015 மெகாவாட் 2,184 ஆனது. அந்த வருஷம் மே மாதம் 13 நாள் ஆண்ட வாஜ்பாய் அரசு, தன் கடைசி நாட்களில் செய்த காரியங்களில் ஒன்று இந்தப் புது ஒப்பந்தத்துக்கான எதிர் உத்தரவாதத்தை ஏற்றுக்கொண்டது. காங்கிரஸ் கையெழுத்துப் போட்டதை எதிர்க்கட்சி எதிர்த்தது. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து அதையே வளர்த்துக் கொடுத்தது. யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாதபடி கச்சிதமாக முடிந்தது.

1999 மே மாதம் முதல் கட்டம், 740 மெகாவாட், ஓட ஆரம்பித்தது. எரிவாயு முனையம் தயாராகாததால் நாப்தாவில் ஓட்டினார்கள். நாப்தா கச்சா எண்ணெயிலிருந்து பிறப்பது. 1999 தொடக்கத்தில் பீப்பாய் 12 டாலர் அளவில் கிடந்த கச்சா எண்ணெய் 2000 செப்டம்பரில் 35 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தம் போட்டபோது 31 ரூபாய் சுமாருக்கு இருந்த டாலர் 46-க்கு மேல் போயிருந்தது. மெஸ் பில்லை யோசித்துப் பாருங்கள். யூனிட் விலை ஒரு கட்டத்தில் 7 ரூபாயையும் தாண்டியது. விலை அதிகம் என்று வாரியம் குறைவாக வாங்க, வாங்கிய யூனிட்டின் தலையில் நிலைக் கட்டணம் மொத்தமும் ஏற, யூனிட் விலை இன்னும் எகிறியது.

2000-ம் வருஷக் கடைசியில் மகாராஷ்டிர மின்வாரியத்தால் பில் கட்ட முடியவில்லை. 2001 தொடக்கத்தில் என்ரான் முதலில் அப்பாவிடம் போனது, பிறகு தாத்தாவிடம் போனது. விசாரிக்க மாதவ் காட்போலே தலைமையில் குழு போட்டார்கள். மே மாதம் வாரியம் பி.பி.ஏ.யை ரத்து செய்தது. நிலையம் நின்றது. இரண்டாவது கட்டம் பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்ட நிலையில் அப்படியே துருப்பிடிக்க ஆரம்பித்தது.

அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி அமெரிக்காவில் என்ரானே திவால். கணக்கில் காட்டிய லாபமெல்லாம் ஜோடனை என்று உலகத்துக்குத் தெரிந்தது. தாபோல் நிலையத்தைக் கடைசியில் யார் தூக்கிவிட்டது தெரியுமா? 2005-ல் நம் பொதுத்துறை நிறுவனங்களான என்.டி.பி.சி.யும் கெயிலும் சேர்ந்து ஒரு புதுக் கம்பெனி ஆரம்பித்து ஏற்றுக்கொண்டன. தனியார் கொண்டுவந்து இறக்கிய வண்டியைக் கடைசியில் தள்ளியது சர்க்கார்தான்.

அதெல்லாம் மகாராஷ்டிரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டிலும் இந்த மாதிரி ஒப்பந்தங்கள் போடப்பட்டன. வடசென்னை பேஸின் பிரிட்ஜில் 196 மெகாவாட், எண்ணெயில் ஓடுவது. திருக்கடையூர் பக்கத்தில் பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 330 மெகாவாட், நாப்தாவும் எரிவாயுவும். சமல்பட்டியில் ஒன்று, மதுரை சமயநல்லூரில் ஒன்று. என்ரான் அளவுக்கு ஆகிருதி இல்லை. ஆனால் நிலைக் கட்டணம் தனி, எரிபொருள் தனி என்கிற அதே மெஸ் கணக்குதான். எண்ணெய் விலை ஏறிய வருஷங்களில் நம் வாரியம் கையைப் பிசைந்ததற்கு இந்த ஒப்பந்தங்களும் ஒரு காரணம்.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம்.

இந்தக் கதையின் வேர் சீனாவில். மா ஹுவாங் என்று ஒரு செடி. ஆயிரக்கணக்கான வருஷமாக இருமலுக்கும் இழுப்புக்கும் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 1885-ல் நாகாய் நாகயோஷி என்கிற ஜப்பானிய விஞ்ஞானி அதிலிருந்து எபிட்ரின் என்கிற சரக்கைப் பிரித்தெடுத்தார். நம் ஃபினைல்புரோபனாலமைன் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

இது வேலை செய்கிற விதம் சுலபம். ஜலதோஷம் பிடித்தால் மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் வீங்கிவிடும். அதுதான் அடைப்பு. இந்த மருந்து குழாய்களைச் சுருக்கும். வீக்கம் வடியும், மூச்சு விட முடியும். கூடவே இன்னொன்றும் செய்யும், பசியை மந்தமாக்கும். அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு குணத்தையும் காசாக்கின. ஒரு பக்கம் ஜலதோஷ மாத்திரை, இன்னொரு பக்கம் உடம்பு இளைக்கிற மாத்திரை. டாக்டர் சீட்டே வேண்டாம், கடையில் போய்க் கேட்டு வாங்கலாம்.

ஆனால் மாத்திரைக்கு மூக்கு எது, மூளை எது என்று தெரியுமா? எல்லா இடத்திலும்தான் குழாயைச் சுருக்கும். ரத்த அழுத்தம் எகிறும். மூளையில் ஏதாவது ஒரு குழாய் பலவீனமாக இருந்தால் வெடிக்கும். எண்பதுகளின் தொடக்கத்திலேயே டாக்டர்கள் மருத்துவ சஞ்சிகைகளில் எழுத ஆரம்பித்தார்கள். இளம் வயது, வேறு நோய் இல்லை, இளைக்கிற மாத்திரை சாப்பிட்டார், மூளையில் ரத்தக் கசிவு என்று ஒன்று, இரண்டு, பத்து என்று வந்துகொண்டே இருந்தன. கம்பெனிகள் என்ன சொல்லும்? கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள், அதில் சிலருக்குப் பக்கவாதம் வருவது தற்செயல் என்றன.

தற்செயலா இல்லையா என்று பார்க்க ஒரு ஆராய்ச்சி நடத்துவது என்று முடிவானது. 1994-ல் யேல் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. பணம் கொடுத்தது மருந்துக் கம்பெனிகளே! 43 ஆஸ்பத்திரிகள், ஐந்து வருஷம். 18 முதல் 49 வயதுக்குள் மூளை ரத்தக் கசிவு வந்த 702 பேர், அதே மாதிரி வயதில் அது வராத 1,376 பேர். சமீபத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டீர்களா என்று இரு தரப்பையும் விசாரித்து ஒப்பிட்டார்கள்.

இளைக்கிற மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மூளை ரத்தக் கசிவு அபாயம் 16 மடங்குக்கு மேல் என்று கணக்கு வந்தது. ஜலதோஷத்துக்கு முதல் தடவையாகச் சாப்பிட்ட பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 16 மடங்கு என்ற கணக்குக்கு அடிப்படையான எண்ணிக்கை ரொம்பச் சின்னது. நோய் வந்தவர்களில் இளைக்கிற மாத்திரை சாப்பிட்ட பெண்கள் 6 பேர், வராதவர்களில் ஒரே ஒருவர். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த அதே கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆறு பேரை வைத்து ஒரு மருந்தைத் தூக்கில் போடலாமா?

நியாயமான கேள்விதான். ஆனால் தராசின் இன்னொரு தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இது புற்றுநோய் மருந்து இல்லை. உயிர் காக்கிற மருந்து இல்லை. சாப்பிடாவிட்டாலும் ஒரு வாரத்தில் தானே போய்விடும் மூக்கடைப்பு. அதற்குப் போய் எவ்வளவு ஆபத்தைத் தாங்கலாம்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. யோசித்தது இதைத்தான். வருஷத்துக்கு 200 முதல் 500 பேருக்கு, அதுவும் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, இதனால் மூளை ரத்தக் கசிவு வருகிறது என்று மதிப்பிட்டது. 2000 நவம்பர் 6-ம் தேதி, விற்பதை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. சில வாரங்களில் கடை அலமாரிகள் காலி.

பத்தே நாளில், நவம்பர் 16-ம் தேதி, சீனா இந்தச் சரக்கு உள்ள எல்லா மருந்துகளையும் நிறுத்தச் சொன்னது. அங்கே சாமானிய ஜனங்களுக்கும் பி.பி.ஏ. என்ற மூன்றெழுத்து பரிச்சயமானது அப்போதுதான். பிரிட்டன் வேறு முடிவெடுத்தது. எங்கள் நாட்டில் இளைக்கிற மாத்திரை வியாபாரம் இல்லை, ஜலதோஷ மாத்திரையிலும் அளவு குறைவு என்று தொடர அனுமதித்தது. அதுவும் ஒரு முடிவு. யோசித்து, காரணம் சொல்லி எடுத்த முடிவு.

இந்தியா?

2000-ம் வருஷம் நவம்பர், டிசம்பர். மகாராஷ்டிர மின்வாரியம் ஒரு பி.பி.ஏ.க்குப் பணம் கட்ட முடியாமல் விழித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், இன்னொரு பி.பி.ஏ. நம் மருந்துக் கடைகளில் சௌகரியமாக விற்றுக்கொண்டிருந்தது. நம் ஊர் மாத்திரையில் டோஸ் கம்மி என்பதுதான் இங்கேயும் சொல்லப்பட்ட சமாதானம். இருக்கலாம். ஆனால் நாம் ஒரு மாத்திரையோடு நிறுத்துகிற ஜாதியா? காலையில் கடைக்காரர் கொடுத்த ஒன்று, மத்தியானம் ஆபீஸ் நண்பர் கொடுத்த வேறு பிராண்டு, ராத்திரி வீட்டில் மிச்சமிருந்த சிரப். மூன்றிலும் ஒரே சரக்கு இருந்தால் கணக்கு என்ன ஆகும்?

அந்த வருஷங்களில் உங்களுக்கு ஒரு ஈ-மெயில் வந்திருக்கும். வெளிநாட்டில் தடை செய்யப்பட்டு இந்தியாவில் விற்கப்படும் மருந்துகள் என்று ஒரு பட்டியல். நாலு பேருக்கு அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருக்கும். அனால்ஜின், சிசாப்ரைடு, நிமிசுலைடு வரிசையில் இதுவும் இருக்கும். அந்தப் பட்டியலில் பாதி அரைகுறைத் தகவல். ஆனாலும் ஜனங்களுக்குத் தகவல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. சொல்ல வேண்டியவர்கள் உரக்கச் சொல்லாதபோது ஃபார்வர்டு மெயில்தான் கெஸட்.

நிஜமான கெஸட் அறிவிப்பு வந்தது 2011 பிப்ரவரியில். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஏ பிரிவைப் பயன்படுத்தி, மத்திய அரசு ஃபினைல்புரோபனாலமைனைத் தடை செய்தது. கூடவே சிசாப்ரைடையும், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமிசுலைடு தருவதையும். எஃப்.டி.ஏ. அறிவிப்புக்கும் நம் அறிவிப்புக்கும் இடையில் பத்து வருஷம், மூன்று மாதம். அந்தப் பத்து வருஷத்தில் நம் ஊரில் யாருக்காவது இதனால் பக்கவாதம் வந்ததா? எத்தனை பேருக்கு? கணக்கெடுத்தால்தானே தெரியும்? யேல் மாதிரி 43 ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து இங்கே யார் விசாரித்தார்கள்? யாரும் எண்ணாததாலேயே ஒரு ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. பி.பி.ஏ. போன இடத்தில் பல கம்பெனிகள் ஃபினைல்எஃப்ரின் என்ற வேறொரு சரக்கைச் சேர்த்தன. 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு ஒருமனதாக என்ன சொன்னது தெரியுமா? அது ஆபத்தானது என்றில்லை. வாய் வழியாகச் சாப்பிட்டால் மூக்கடைப்புக்கு அது வேலையே செய்வதில்லை என்றது. 2024 நவம்பரில் அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. வேலை செய்தது ஆபத்து, ஆபத்தில்லாதது வேலை செய்யவில்லை. நம் பாட்டிகள் வைத்த ஓமமும் ஆவி பிடிக்கிற பாத்திரமும் எதற்கும் அனுமதி கேட்காமல் அடுப்படியில் அப்படியே இருக்கின்றன.

மின்சாரத்துக்கும் பின்குறிப்பு உண்டு. என்ரானில் சூடு பட்ட பிறகு 2003-ல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. வாரியம் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறது என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்றது. போட்டி டெண்டர் வழியாக விலை முடிவு செய்வதற்கும் வழி வந்தது. அதன் பலனை சூரிய மின்சாரத்தில் பார்க்கலாம். 2014-ல் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்துக்கு ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா சூரியப் பூங்காவுக்கு நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 பைசாவுக்குத் தர ஆள் வந்தது.

உடனே இன்னொரு பிரச்னை முளைத்தது. பழைய விலையில் ஒப்பந்தம் போட்டவனுக்கு இன்னும் ஏன் அழ வேண்டும் என்ற கேள்வி. 2019-ல் ஆந்திர அரசு பழைய காற்றாலை, சூரிய ஒப்பந்தங்களைத் திருத்தக் கிளம்பியது. விவகாரம் உயர் நீதிமன்றம் போய், 2022-ல் போட்ட ஒப்பந்தம் போட்டதுதான் என்று தீர்ப்பானது. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நினைத்தபோது கிழிக்கலாம் என்றால் அதற்குப் பெயர் ஒப்பந்தமே இல்லை. அடுத்தவன் கடன் கொடுக்க வரமாட்டான், வந்தால் வட்டியை ஏற்றிக் கேட்பான். யோசிக்க வேண்டிய இடம் கையெழுத்துக்கு முன்னால்தான். தாபோலில் அந்த இடத்தில்தான் யாரும் நிற்கவில்லை.

இரண்டு பி.பி.ஏ.க்களையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. ஒன்றில் உலக வங்கி, இன்னொன்றில் யேல். இரண்டிலும் தெரிந்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம், பணமோ உடம்போ கொடுத்தவர்கள் பெரிய கூட்டம். அந்தப் பெரிய கூட்டத்துக்குக் கடைசிவரை அந்த மூன்றெழுத்து என்னவென்றே தெரியாது. மின்சார பில்லில் பி.பி.ஏ. என்று ஒரு வரி இருக்காது, தொகை மட்டும் இருக்கும். மாத்திரை அட்டையில் பிராண்டு பெரிதாக இருக்கும், உள்ளே என்ன சரக்கு என்பது எறும்பு எழுத்தில் இருக்கும்.

சுருக்கெழுத்தைச் சதி என்று சொல்ல மாட்டேன். தொழில் செய்கிறவர்களுக்கு நேரம் மிச்சம், அவ்வளவுதான். ஆனால் வெளியே இருக்கிறவனுக்கு அது ஒரு சாத்திய கதவு. உள்ளே ஏதோ பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நாம் மரியாதையாகத் தள்ளி நின்றுவிடுகிறோம்.

தள்ளி நிற்க வேண்டியதில்லை. அடுத்த முறை மூக்கடைத்தால், பிராண்டு பெயரை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் அந்த எறும்பு எழுத்தைப் படியுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்திலும் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் என்றால் கடைக்காரரை விட்டுவிட்டு டாக்டரைக் கேளுங்கள். மின் கட்டணத்தை மாற்றும் முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்பதுண்டு. விளம்பரம் பேப்பரில் வரும். அந்தக் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், எழுந்து நின்று கேட்கலாம். சினிமாவுக்கு நிற்கிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு அங்கே நின்றால், அடுத்த மெஸ் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் பேனாவைத் திறக்கும் முன் ஒரு தடவை யோசிப்பார்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விழுப்புரம் வந்திருக்கும். நம் ஆட்கள் இருவருக்கும் இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். சிரித்துவிட்டு டீ வாங்கியிருப்பார்கள். கீழ் பெர்த்தில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டிருப்பார்.

"எல்லாம் சரி தம்பி. ரெண்டுக்கும் காசு கட்டினது நாங்கதானே, எங்ககிட்ட யாரும் ஏன் சொல்லலை?"

இரண்டு பேரும் டீயை ஆற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.